மட்கார்டில் ஓர் இடம்

எலியா, துரையா என்ற கேள்வியோடுதான் அன்றைக்கும் அந்த வீட்டில் பொழுது விடிந்தது.

இரண்டும் டிராக்டர்கள். எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழைந்தால் கிளைகளைக் கிழித்துவிடும். அதனால் எங்கேயோ யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய பழைய சின்ன டிராக்டர்களாகத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து ஓட்டிவந்த குடும்பம் அது. சாம்பல் நிறத்தில் குட்டையாக, எந்தச் சந்திலும் புகுந்து வெளியே வந்துவிடுவதால் ஒன்றுக்கு எலி என்று பெயர். இன்னொன்று சிவப்பு. டீசல் எஞ்சின். குளிர்ந்த காலையில் சூடு காட்டி, கொஞ்சம் காத்திருந்து, மரியாதையாக எழுப்பினால்தான் எழும். அதனால் அது துரை.

துரைக்குச் சாவி உண்டு. எலிக்குச் சாவியே கிடையாது. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும்.

போன வாரம் நடந்ததற்கெல்லாம் அந்த இல்லாத சாவிதான் காரணம் என்று மகன் சொன்னான். விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்தில் அப்பா எலியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். பெரிய சாலையின் நாற்சந்தியில் நட்டநடுவே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவரைப் பால் வண்டிக்காரர்தான் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டார். எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதானே என்றார் அப்பா. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக் கத்தியது அவர் காதில் விழவே இல்லை.

மாடிப்படி தொல்லை வேறு. பாதிப் படியில் நின்றுவிடுவார், ஏறிக்கொண்டிருந்தோமா இறங்கிக்கொண்டிருந்தோமா என்று தெரியாமல். வீட்டை ஒட்டிய ஷெட்டில் பாதியைத் தடுத்து அவருக்குக் கீழேயே ஓர் அறை கட்டுவதென்று முடிவானது. மீதிப் பாதியில் ஒரு டிராக்டர்தான் நிற்கும்.

மற்றதை எடுத்துக்கொள்ள ஆளும் கிடைத்துவிட்டது. கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவர், வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார். எதைக் கொடுத்தாலும் சரி, மதியம் லாரியோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எது என்பதை மட்டும் வீட்டில் முடிவு செய்ய வேண்டும்.

அம்மா அடுப்படியில் நின்று டீயை வடிகட்டினாள். வலது மணிக்கட்டு சற்றே வெளிப்புறமாக வளைந்திருக்கும் அவளுக்கு. கனமான பாத்திரமென்றால் இடது கையை முட்டுக் கொடுத்துத்தான் தூக்குவாள். இளவயதில் எலியின் ஹேண்டில் திருப்பி அடித்து முறித்த கை அது. கணவர் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், மருந்து அடிக்க வேண்டிய கட்டாயத்தில் அவளே சுற்றப் போய், கட்டைவிரலை மடக்கிப் பிடித்துவிட்டாள். பிடிக்கக் கூடாத பிடி.

டீயைக் கணவரிடம் கொண்டுபோனாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்கம்மா. உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்."

வீட்டுக்குள் அவர் இப்போதெல்லாம் இப்படித்தான். யாரோ ஒரு நல்ல பெண்மணி தன்னைக் கவனித்துக்கொள்கிறாள் என்று அவருக்கு எண்ணம். அவர் அவளைத் திட்டியதில்லை, விரட்டியதில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நன்றி சொன்னால் ஒரு மனைவி எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு அவளைத் தெரியும்.

எலியின் வலது மட்கார்டு. பின்சக்கரத்தை மூடியிருக்கும் அந்த இரும்பு வளைவு, ஓர் ஆள் ஒருக்களித்து உட்காரும் அளவுக்கு அகலமானது. கல்யாணமான புதிதில் டிராக்டரில் ஒரே ஒரு சீட்டுதானே, அவள் அங்கேதான் ஏறிக்கொண்டாள். அப்புறம் அதுவே அவள் இடமாகிவிட்டது. மடித்த சாக்கு ஒன்றைப் போட்டு, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கிளை வருகிறது, கல் இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று வழிநெடுக அதிகாரம் செய்வாள். அதனால் அவளுக்கு அவர் வைத்த பெயரே மட்கார்டு. சொந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு அவளுக்கே நினைவில்லை.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், ஏதோ நினைவில் அவள் மறுபடி அங்கே ஏறி உட்கார்ந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் முன்னால், கை ஸ்டீயரிங்கில். "மட்கார்டு, கிளை வருது, குனி" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கணவரைத் தோட்டத்தின் கடைசி வரிசைகளுக்கு எலியில் கூட்டிப்போவாள். போகும்போதும் வரும்போதும் அவர் அவளோடு சண்டை போட்டார், கேலி செய்தார். ஷெட்டில் இறங்கியதும் மறுபடி நன்றிங்கம்மா.

பிள்ளைகளிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சின்ன விஷயமாகிவிடுமோ என்று ஒரு பயம். சொன்ன மறுநாள் அது நின்றுபோய்விடுமோ என்று இன்னொரு பயம்.

மேசையில் பேச்சு ஆரம்பமாகியிருந்தது. மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். எதையும் இந்தக் கண்ணாடியில் தெளிவா, அந்தக் கண்ணாடியில் தெளிவா என்று இரண்டிரண்டாகக் காட்டிக் கேட்டே பழகியவன். இன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தான். மகள்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவள். நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும்.

மகள் எலியின் பக்கம் பேசினாள். எலியின் லிஃப்ட் சொன்ன பேச்சைக் கேட்கும், மருந்து டேங்கைத் தூக்கினால் தூக்கிய இடத்தில் நிற்கும். துரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுகிறது. திருப்பமும் எலிக்குத்தான் சுலபம். ஆனால் எலியின் பிரேக்கை நம்ப முடியாது, பாகங்கள் கிடைப்பதில்லை, இறக்கத்தில் அதை ஓட்டும்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அவளேதான் சொன்னாள்.

"நீ யார் பக்கம்?" என்றான் அண்ணன்.

"வேலை பக்கம்."

மகன் சாவியைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. துரையென்றால் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிடலாம். அப்பா ஷெட்டில் போய் அதன்மேல் உட்கார்ந்தாலும் உட்கார்ந்துவிட்டு வருவார். எலியை எப்படி ஒளிப்பது?

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

எலி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவது. அணைப்பதற்கு முன்னால் எண்ணெய்க் குழாயின் டேப்பைத் திருப்பி மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மண்ணெண்ணெயிலேயே அணைத்துவிட்டால், மறுநாள் காலை கார்புரேட்டரில் மண்ணெண்ணெய்தான் நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. எவ்வளவு சுற்றினாலும் எழாது.

"தினமும் சாயங்காலம் நான் டேப்பைத் திருப்பாம அணைச்சுடறேன்" என்றாள். "அப்பா காலைல போய்ச் சுத்திப் பாப்பாரு. எழாது. வந்துடுவாரு. இப்படித்தான் போய்க்கிட்டிருக்கு."

பிள்ளைகள் இருவரும் அவளைப் பார்த்தார்கள். கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து மண்ணெண்ணெயை வடித்துவிட்டால் எஞ்சின் எழுந்துவிடும் என்பது அந்த மனிதருக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்த விஷயம். இப்போது அது அவர் மறந்தவற்றில் ஒன்று. சாயங்காலம் கிளம்பும்போது அவளேதான் வடித்துவிடுவாள். அவருடைய மறதியை நம்பித்தான் அவள் அந்த வேலையைச் செய்துவந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவளுக்கே உறைத்தது.

மகன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அப்ப, அன்னிக்கு மட்டும் எப்படிம்மா ஸ்டார்ட் ஆச்சு?"

அவள் டம்ளர்களைச் சேர்த்து அடுக்கினாள்.

எப்படி ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். முந்தைய சாயங்காலம் கடைசி வரிசையில் அவர் ஒரு பழைய கதையைச் சொல்லி அவளைச் சிரிக்கவைத்துவிட்டார். ஷெட்டுக்குள் வந்து நின்ற பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முந்திக்கொள்வதற்குள் எஞ்சினை அணைக்க மறந்துவிட்டாள். அவர் கை மறக்கவில்லை. பெட்ரோலுக்குத் திருப்பி, ஓடவிட்டு, முறையாக அணைத்தது. அவள் சந்தோஷமாக இருந்த ஒரு சாயங்காலத்துக்கு, மறுநாள் காலை அவர் நாற்சந்தியில் போய் நின்றார்.

"தெரியல" என்றாள்.

"அப்பறம் என்னம்மா பேசறது" என்றான் மகன். கோபமாகச் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த அவள் வளைந்த கையின் மேல் தன் கையை வைத்தான்.  எலி போவதென்று முடிவாகிவிட்டது.

பேக்கரிக்காரர் லாரியைக் கேட்டருகே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பருத்த மனிதர், காதோரத்தில் மாவு ஒட்டியிருந்தது. வாழ்நாளில் டிராக்டரே ஓட்டியதில்லை என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். பிசைந்த மாவைத் தவிர வேறெதையும் தான் வளைத்ததில்லையாம்.

மகன் அவரை எலியிடம் கூட்டிப்போன நேரம், வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவர் இறங்கி வந்தார். முகம் கழுவி, தலை வாரி, வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு. வண்டி பார்க்க ஆள் வந்திருக்கிறது என்ற சங்கதி எப்படியோ அவருக்கு எட்டிவிட்டது.

மகன் தடுக்கப் பார்த்தான். மகள் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் இரண்டு வண்டிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் விற்கிறவன் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சொன்னார். எலியின் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும் என்றார். துரையின் ஸ்டீயரிங் கனம், தோள்பட்டை போய்விடும் என்றார். ரேடியேட்டரை எங்கே ஒட்டவைத்தது, எந்த போல்ட் மாற்று போல்ட் என்பதுவரை விரல் வைத்துக் காட்டினார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதர், பேச்சில் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அய்யா, அப்ப எனக்கு எதைத்தான் குடுப்பீங்க?"

"இதை எடுத்துக்குங்க." எலியின் மூக்கில் தட்டினார். "நல்ல வண்டிங்க. என் கைக்குப் பழகினது. ஆனா வீட்டுல வெச்சுக்க முடியாது."

மகன் தரையைப் பார்த்தான். நாற்சந்தி அப்பாவுக்கு நினைவிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் போலும்.

அவர் திரும்பினார். ஷெட் வாசலில் நின்றிருந்தவளைப் பார்த்தார். இதை ஒரு பெண்ணுக்குச் சொன்னால்தான் புரியும் என்று தோன்றியதோ என்னவோ, அவளிடமே வந்து சொன்னார்.

"என் சம்சாரத்தால இந்த ஹேண்டிலைச் சுத்த முடியாதுங்கம்மா. ஒரு தடவை சுத்தப் போயி மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்துக்கிடக்கேன். அவ கைய ஒரு துணியால கட்டிக்கிட்டு, மருந்தையும் அடிச்சு முடிச்சுட்டு வந்துதான் அழறா."

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எனக்கு இப்ப அப்பப்ப எல்லாம் மறந்துபோகுது. தெரியுது எனக்கு. ஒரு நாளைக்கு எதுவுமே இல்லாமப் போயிடும். அப்ப அவ தனியாத்தான் ஓட்டணும். சாவி போட்டா ஓடற வண்டிதான் அவளுக்குச் சரி. நீங்க என்ன சொல்றீங்க?"

என்ன சொல்வாள்?  "சரிதாங்க" என்று மட்டும் வந்தது.

அப்போதுதான் அவர் கண் அவள் கைமேல் விழுந்தது. எவ்வளவு மறைத்தாலும் அந்த வளைவு தெரியத்தானே செய்யும்.

"அடடே, உங்களுக்கும் கை இப்படி இருக்கே. எதுல பட்டுச்சு?"

"இதே மாதிரிதாங்க."

"ஹேண்டிலா?"

"ஆமா."

"பாத்து இருந்திருக்கணும்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு. "வீட்டுல இருக்கறவர் சொல்லித்தரலியா? கட்டைவிரலை மத்த விரலோட சேத்து வெச்சுக்கணும். மடக்கிப் பிடிக்கக் கூடாது."

மகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுமில்லாத சுவரில் எதையோ பார்த்தாள்.

வண்டியை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். ஓடாத வண்டியைக் கொடுத்தான் என்ற பேர் தனக்கு வேண்டாமென்றார். ஹேண்டிலைச் செருகினார். சுற்றினார்.

எழவில்லை.

மறுபடி சுற்றினார். சோக்கைப் பார்த்தார். மறுபடி. எஞ்சின் பெருமூச்சு விட்டதே தவிர வாய் திறக்கவில்லை. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நேற்றுவரை நன்றாக ஓடியது என்று பேக்கரிக்காரரிடம் சொன்னார். பரவாயில்லை அய்யா, விடுங்கள் என்று அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுற்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டியைப் புகழ்ந்து பேசிய வாய், மற்றவர்கள் முன்னால் சின்னப் பையனைப்போல் கோணியது.

நேற்றுச் சாயங்காலம் அவள் டேப்பைத் திருப்பாமல் அணைத்திருந்தாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், இப்படியே விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. எழாத வண்டியை எவர் வாங்குவார்? பேக்கரிக்காரர் துரையை எடுத்துக்கொண்டு போவார். எலி வீட்டில் இருக்கும். அவள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், சும்மா நின்றால் போதும்.

அவர் கையிலிருந்து ஹேண்டில் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தவர் உடனே நிமிரவில்லை.

அவள் போய் எலியின் பக்கத்தில் முழங்காலிட்டாள். கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினாள். மண்ணெண்ணெய் வடிந்து மண்ணில் கறுத்தது. திருகை முடுக்கி, டேப்பைப் பெட்ரோலுக்குத் திருப்பிவிட்டு எழுந்தாள்.

"இப்ப சுத்துங்க."

அவர் வியப்போடு பார்த்தார். "உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர் சொல்லிக்குடுத்தது."

"கெட்டிக்காரர்தான்" என்று சொல்லிவிட்டுச் சுற்றினார். அரைச் சுற்றில் எலி தும்மிக்கொண்டு எழுந்தது.

லாரிவரை தானே ஓட்டிக்கொண்டுவந்து தருவதாகச் சொல்லி அவர் ஏறி உட்கார்ந்தார். வேண்டாமென்று மகன் முன்னால் வந்தான். நானும் கூடப் போகிறேன் என்று அவள் சொன்னாள். யாருடைய பதிலுக்கும் காத்திராமல் பின்சக்கரத்தின் மையத்தில் காலை வைத்து, மட்கார்டின் மேல், தேய்ந்த அந்தச் சாக்கின் மேல் ஏறிக்கொண்டாள். சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

கிளட்ச் விட்டதும் எலி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

"மட்கார்டு. இறுக்கிப் பிடிச்சுக்க."

மகனும் மகளும் அதைக் கேட்டார்கள். அவளுக்கு முதுகுப் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்ததுபோல் இருந்தது.

ஷெட்டிலிருந்து கேட் கூப்பிடு தூரம்தான். முதல் மரம் தாண்டுவதற்குள் அவர் பேசினார்.

"இத வித்துட்டேன்டி."

"தெரியும்."

"கோவமா?"

"இல்ல."

"பொய். நீ கோவமா இருந்தா சீட்டைப் பிடிக்கற பிடியிலயே தெரிஞ்சுடும்." சிரித்தார். "உன் கைக்காகத்தான். பாத்திரம் தூக்கறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். எதுவும் பேசறதில்ல, அவ்வளவுதான்."

அவள் நாக்கு நுனியில் இருந்தது அந்த வார்த்தை. விற்க வேண்டாம். சொன்னால் போதும். இந்த மட்கார்டில் உட்கார்ந்து அவள் சொல்லி அவர் மறுத்தது எதுவுமில்லை; முணுமுணுத்துக்கொண்டாவது செய்திருக்கிறார். இப்போதே வண்டியைத் திருப்பி ஷெட்டுக்குள் விட்டுவிட்டு, நான் விற்கவில்லை போ என்று பேக்கரிக்காரரிடம் சொல்லிவிடுவார்.

எத்தனை நாளாக அவருக்காக எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்கிறார்கள்? என்ன உடுத்துவது, எப்போது படுப்பது, எந்தக் கதவைப் பூட்டுவது. இன்றைக்கு அவர் தானாக ஒன்றை முடிவு செய்திருந்தார். அதையும் அவளுக்காகச் செய்திருந்தார்.

"பெரிய சுத்தாப் போங்க" என்றாள்.

"கேட் இந்தப் பக்கம்டி."

"எனக்குத் தெரியாதா? சுத்திப் போங்க."

"பேக்கரிக்காரர் காத்துக்கிட்டிருப்பாரு."

"காத்துக்கிட்டிருக்கட்டும். ரொட்டியா தீயப் போகுது?"

அவர் சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடித்தார். எலி எலுமிச்சை வரிசைக்குள் புகுந்தது. கிளைகள் இருபுறமும் உரசின. குனி என்றார், குனிந்தாள். கல் இருக்கிறது என்றாள், ஒதுக்கினார். கடைசி வரிசையில், வேலியோரம், வேகத்தைக் குறைத்தார். அவள் தன் வளைந்த கையை அவர் தோளில் வைத்திருந்தாள். அவர் அதைத் தள்ளவில்லை.

எவ்வளவு சுற்றிப் போனாலும் கேட் வந்துதான் தீரும்.

லாரியின் பின்னால் பலகை சாய்த்து வைத்திருந்தது. அவர் நிறுத்தினார். டேப் பெட்ரோலில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார். இறங்கி, வண்டியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, அவளுக்குக் கையை நீட்டினார்.

"மெதுவா இறங்குங்கம்மா. உயரமா இருக்கும்."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

மகன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அம்மாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.  "ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் வேணாம்னு சொல்லிடறேன். துரையை எடுத்துக்கட்டும். சாவி கீவி எல்லாம் நான் பாத்துக்கறேன், ராத்திரி ஷெட்டையே பூட்டிடலாம்..."

"அப்பா வித்துட்டாரு" என்றாள்.

"அப்பாவுக்கு ஞாபகமா இருக்கப் போகுது?"

"எனக்கு இருக்கும்."

அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். பேக்கரிக்காரரும் லாரிக்காரரும் சேர்ந்து எலியைப் பலகையில் தள்ளி ஏற்றினார்கள். ஹேண்டிலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவள் கணவர் பேக்கரிக்காரரின் பருத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். லாரி சாலைக்குத் திரும்பும்போது எலியின் சாம்பல் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது. மட்கார்டு வெறும் இரும்பாக வெயிலில் மின்னியது. அதன் மேல் சாக்கு இல்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு அவள் கால்கள் தாமாகவே ஷெட்டை நோக்கி நடந்தன. எலி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தில்தான் அவருக்குச் சுவர் எழும்பப்போகிறது. அவர் கட்டில் அந்தக் கறையின் மேல்தான் வரும்.

உள்ளே ஸ்பேனர் சத்தம் கேட்டது.

அவர் துரையின் அருகே நின்றிருந்தார். துரையின் மட்கார்டு குறுகல். போதாததற்கு நடுவில் விளக்கு வேறு பொருத்தியிருக்கும். அங்கே இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை, உட்கார முடியாது. அவர் அந்த விளக்கைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். மகள் பக்கத்தில் நின்று கம்பியை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடித்த பழைய சாக்கை, லாரி கிளம்புவதற்குள் எப்படியோ கக்கத்தில் இடுக்கிக் கொண்டுவந்துவிட்ட அதே சாக்கை, மட்கார்டின் மேல் வைத்து அவர் கம்பியால் கட்டினார். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். திருப்தியில்லாமல் அவிழ்த்துக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கட்டினார்.

"யாருக்குப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஒருத்தி வருவா" என்றார். 

மகள் வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டாள். கண்ணாலேயே கூப்பிட்டாள். வா. ஏறிப் பார்.

அவள் ஓரடி எடுத்து வைத்தாள். அங்கேயே நின்றாள்.

ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பி, அவர் திரும்பிப் பார்த்து, எங்கேம்மா இறங்கணும் என்று கேட்டுவிட்டால்? அதற்கப்புறம் ஏறுவதற்கு அவளுக்கு இந்த உலகத்தில் வேறு இடம் இல்லை. ஏறாதவரைக்கும் இந்த இடம் மிச்சம் இருக்கிறது.

"டீ போட்டுட்டு வரேன்" என்றாள்.

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை வைத்தாள். தண்ணீர் கொதித்து, பாதியாக வற்றியும்கூட அவள் தூளைப் போடவில்லை. ஷெட்டில் துரைக்குச் சூடு காட்டச் சாவியைத் திருகும் சத்தம் கேட்டது. கொஞ்சம் காத்திருந்து, மரியாதையாக எழுப்பியதும் எழுந்தது. எழுந்து, நகராமல், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஏறுவதற்காகக் காத்திருப்பதுபோல.